பிரஷர் நிலைகொள்ளாதவர்கள் தனியார் மருத்துவக் காப்பீடு எடுப்பது எப்படி? குமரி எல்லையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பிரஷர் கூடுதலாக இருப்பவருக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. எத்தனை வருடமாக, என்ன மாத்திரை, கடைசியாகப் பார்த்த அளவு என்ன என்று எழுதிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது. லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், வைத்தோ வைக்காமலோ பாலிசி கொடுத்துவிடுவார்கள். எழுந்து நின்றால் பிரஷர் சரிகிறவர், நின்ற நிலையிலேயே நெஞ்சு படபடக்கிறவர், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர், இவர்களுக்கெல்லாம் தனிக் கட்டம் கிடையாது. 'வேறு ஏதேனும் நோய் உண்டா' என்ற வரியில்தான் எழுத வேண்டும். அந்த வரியைப் படித்து முடிவு சொல்கிற நிறுவன டாக்டர் உங்களைப் பார்க்கப் போவதில்லை. அவர் கையில் இருப்பது உங்கள் காகிதங்கள் மட்டும்தான். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் காகிதத்தைப் பற்றியே இருக்கும்.

களியக்காவிளை, மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு தலைவலி. முதல் தடவை மயங்கி விழுந்தால் ஊரில் உள்ள ஆஸ்பத்திரி. அப்புறம் நாகர்கோவிலோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ. அங்கேயும் பிடிபடவில்லை என்றால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டித் திருவனந்தபுரம். கடைசியில் ஒரே ஆளுக்கு மூன்று ஃபைல், மூன்றிலும் மூன்று விதமான எழுத்து. செங்கோட்டையிலிருந்து புனலூர், கொல்லம் போகிறவர்களுக்கும், கம்பத்திலிருந்து குமுளி ஏறிக் கோட்டயம் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

முதலில், உங்களுக்கு இருப்பது எது?

உட்கார்ந்திருப்பவர் எழுந்ததும் ரத்தம் கால் பக்கம் இறங்கும். கழுத்து நாளத்திலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாளத்திலும் உள்ள உணரிகள் அதைக் கண்டுபிடித்து, நாளங்களைச் சுருக்கி, துடிப்பைச் சற்றுக் கூட்டி, மூளைக்குப் போகும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் எங்கே கோளாறு என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது ஆர்த்தோஸ்டேட்டிக் ஹைப்போடென்ஷன். பிரஷர் அவ்வளவு இறங்காமல், 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு மட்டும் 30-க்கு மேல் ஏறினால், அதுவும் பல மாதமாகத் தொடர்ந்தால், பாட்ஸ். 12 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு 40. வலி, பயம், வெக்கை, நெடுநேரம் நிற்பது போன்றவற்றால் திடீரென்று பிரஷரும் துடிப்பும் சேர்ந்து விழுந்து நினைவு தப்புவது வேசோவேகல் மயக்கம்.

காப்பீட்டுக்கு இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. இது தனியாக வந்ததா, வேறு நோயின் பின்னாலே வந்ததா? நாள்பட்ட சர்க்கரையால் நரம்பு கெட்டதாலும் வரலாம், பார்க்கின்சனாலும் வரலாம், புராஸ்டேட்டுக்குச் சாப்பிடும் மாத்திரையாலும் வரலாம். பின்னணியில் இன்னொரு நோய் இருந்தால் நிறுவனம் எடைபோடுவது அந்த நோயைத்தான். ஒன்றும் இல்லை என்றால், 'ஒன்றும் இல்லை' என்று ஒரு டாக்டர் எழுதித் தர வேண்டும். நீங்கள் வாயால் சொன்னால் கணக்கில் வராது.

ஃபைலை ஒழுங்கு பண்ணுவது

அவசரப் பிரிவில் எழுதித் தருகிற அந்தச் சின்னச் சீட்டை எடுத்துப் பாருங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிற ஒரு இளைஞரை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை வெறும் வயிற்றில் மரத்துக்கு மரம் நடந்து வெட்டி, நிமிர்ந்த இடத்தில் மயங்கி விழுகிறார். விழுந்ததும் கை கால் சில நொடி வெட்டி இழுக்கிறது. கூட இருந்தவர்கள் இழுப்பு என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பணியில் இருக்கும் டாக்டர் சீட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு, பக்கத்தில் 'சீஷர்', அதாவது வலிப்பு, என்று எழுதுகிறார். அது தப்பே இல்லை, அந்த நேரத்தில் அப்படிச் சந்தேகப்படுவதுதான் சரி. மூளைக்கு ரத்தம் குறைந்து மயங்குகிறவருக்கும் இப்படிச் சில நொடி கை கால் வெட்டுவது சகஜம். அது வலிப்பு நோய் ஆகாது. பிறகு எடுத்த இஇஜி (மூளையின் மின்னலைப் பதிவு), ஸ்கேன் எல்லாம் சுத்தம். சாய்மேசைப் பரிசோதனையில், அதாவது படுக்க வைத்து மேசையையே நிமிர்த்திப் பிரஷர் பார்க்கிற டில்ட் டேபிள் டெஸ்டில், வேசோவேகல் என்று தெரிகிறது.

ஆனால் முதல் சீட்டு ஃபைலில் அப்படியே இருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் படிக்கிறவர் கண்ணில் கேள்விக்குறி விழாது, 'சீஷர்' மட்டும்தான் விழும். நிறுவனங்கள் பாலிசியிலிருந்து நிரந்தரமாக விலக்கி வைக்கலாம் என்று ஐஆர்டிஏஐ, அதாவது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 2019-ல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் வலிப்பு நோய் இருக்கிறது. பார்க்கின்சனும் இருக்கிறது. சாதாரண உயர் ரத்த அழுத்தம் அதில் இல்லை. ஒரு கேள்விக்குறி கவனிக்கப்படாமல் போனால் எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுவது வழியல்ல. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அது இருக்கும், நாளைக்கு கிளெய்ம் வரும்போது தோண்டி எடுப்பார்கள். அதற்கு மேல் ஒரு கடிதம் வாங்கி வைக்க வேண்டும். உங்களைத் தொடர்ந்து பார்க்கும் இதய டாக்டரோ நரம்பு டாக்டரோ, லெட்டர்பேடில், பதிவு எண்ணோடு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தந்தால் போதும். நோயின் சரியான பெயர், எந்தத் தேதியில் எந்தப் பரிசோதனையில் உறுதியானது, எக்கோவில் இதய அமைப்பு எப்படி இருந்தது, வலிப்பு நோய் இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தார், பின்னணி நோய் உண்டா, கடைசியாக நினைவு தப்பியது எப்போது, இப்போது என்ன மருந்து, இவ்வளவும் அதில் வர வேண்டும். டாக்டர்களுக்கு நேரம் இருக்காது. கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால் பெரும்பாலோர் முகம் சுளிக்காமல் எழுதித் தருவார்கள்.

மருந்துக்குப் பக்கத்தில் எதற்காக என்பதும் கட்டாயம் வேண்டும். பாட்ஸ் உள்ளவருக்குத் துடிப்பைக் குறைக்கப் புரோப்ரனலால் அல்லது ஐவாபிரடின் கொடுப்பார்கள். இவற்றை வெறும் பெயராகப் பார்க்கிறவருக்கு இதய நோயாளி என்று தோன்றும். ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் ஒரு ஸ்டீராய்டு, அதைப் பார்த்தால் வேறு சந்தேகம். இந்த மருந்தும் மிடோட்ரினும் படுத்திருக்கும்போது பிரஷரை ஏற்றிவிடக்கூடியவை. ஆக, லோ பிரஷருக்கு மருந்து சாப்பிடுகிறவர் பரிசோதனைக்குப் போய்ப் படுத்தால் ஹை பிரஷர் என்று எழுதப்பட்டுத் திரும்பி வரலாம். 'இந்த மருந்தால் படுத்த நிலையில் அளவு கூடலாம்' என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

கூடவே ஒரு நோட்டு. வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால் இரண்டு வாரம், காலையில், 5 நிமிடம் படுத்திருந்து ஒரு அளவு, எழுந்து 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. நாடித்துடிப்பும் சேர்த்து. தேதி போட்டு எழுதுங்கள். மயக்கம் வருகிறவர் தனியாக நின்று பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

எங்கே கேட்பது

கம்பெனிக் காப்பீடு இருப்பவர்கள் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிக் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் பலருக்கு நிறுவனமே குழு பாலிசி எடுத்திருக்கும். குழு பாலிசியில் பெரும்பாலும் பழைய நோய்க்குக் காத்திருப்பு, அதாவது அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத ஆரம்ப காலம், இருக்காது. வேலையை விடும்போது அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம், அதுவரை கழிந்த காலத்துக்கும் கணக்கு உண்டு. வேலையை விட்ட பிறகு யோசிக்காமல், ராஜினாமாக் கடிதம் கொடுக்கிற வாரமே எச்.ஆரிடம் கேளுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து, வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் வரை உண்டு. இரண்டிலும் பழைய நோய் தடையில்லை. கேரளத்தின் காருண்யா திட்டம் கேரளக் குடும்பங்களுக்கானது. நம் ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

இனித் தனியார் பாலிசி. என் அபிப்பிராயம், மயக்கக் கோளாறு உள்ளவரை மட்டும் தனிப் பாலிசியில் வைத்து, மற்றவர்களுக்குக் குடும்ப ஃப்ளோட்டர், அதாவது எல்லோருக்கும் பொதுவாக ஒரே தொகை உள்ள பாலிசி, எடுப்பது நல்லது. ஒருவருக்காக மொத்த விண்ணப்பமும் தொங்குவதும், அவர் கிளெய்மில் எல்லோருடைய தொகையும் கரைவதும் தவிரும். செலவு கொஞ்சம் கூடும்.

'பிரஷர், சுகர் இருந்தாலும் 31-வது நாளே கவர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தச் சலுகை பாலிசியில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட நோய்களுக்குத்தான். உயர் ரத்த அழுத்தம் பட்டியலில் இருக்கும், எழுந்து நின்றால் இறங்குகிற பிரஷர் இருக்காது. பட்டியலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லா நிறுவனங்களும் விற்றாக வேண்டும் என்று 2020-ல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி எளிமையான ஒன்று. கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் நாம் போட வேண்டும், ஆஸ்பத்திரிச் சேர்க்கைக்கு முந்தைய 30 நாளும் பிந்தைய 60 நாளும் செலவு வரும். வேறு எங்கும் சரிவராதவர்கள் இதையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரே நேரத்தில் நாலு இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். 'இதற்கு முன் எந்த நிறுவனமாவது மறுத்ததுண்டா' என்று அடுத்த படிவம் கேட்கும், ஆமாம் என்று எழுத வேண்டி வரும். படிவம் போடும் முன்பே, டாக்டர் கடிதத்தில் பெயரை மறைத்து, ஒரு புரோக்கர் மூலம் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருத்தைக் கேட்கலாம். புரோக்கர் பல நிறுவனங்களின் பாலிசிகளை வைத்திருப்பவர், வாடிக்கையாளர் சார்பில் நிற்க வேண்டியவர். ஏஜென்ட் தான் சேர்ந்திருக்கும் நிறுவனத்தின் ஆள்.

படிவம், போன், பரிசோதனை

ஏஜென்ட் தெரிந்தவராக இருப்பார், சொந்தக்காரராகக்கூட இருப்பார். 'அண்ணே, இதையெல்லாம் போட்டா ரிஜெக்ட் ஆயிரும், நான் பாத்துக்கிறேன், ஓடிபி மட்டும் சொல்லுங்க' என்பார். அந்த ஓடிபிதான் உங்கள் கையெழுத்து. உள்ளே அவர் என்ன டிக் செய்திருந்தாலும் நீங்கள் சொன்னதாகத்தான் ஆகும். நிரப்பிய படிவத்தை பிடிஎஃப்பாக வாங்கிப் படித்த பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

சட்டப்படி 'ஏற்கெனவே உள்ள நோய்' என்பது பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டுபிடித்தது, அல்லது அதற்குள் ஆலோசனையோ சிகிச்சையோ பெற்றது. ஐந்து வருடம் முன்பு கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு முறை மயங்கி, அதற்குப் பிறகு டாக்டரையே பார்க்காதவருக்கு அந்த வரையறைப்படி அது பழைய நோய் ஆகாது. ஆனால் படிவம் 'எப்போதாவது மயக்கம் வந்ததுண்டா' என்று கேட்டால், ஆமாம் என்றுதான் எழுத வேண்டும். கேள்வி எந்தக் காலத்தைக் கேட்கிறதோ அந்தக் காலத்துக்குப் பதில்.

அடுத்து நிறுவன டாக்டர் போனில் கூப்பிடுவார். பேச்சு பதிவாகும். திருவனந்தபுரம் அலுவலகம் வழியாகப் போனால் மலையாளத்தில் ஆரம்பிக்கக்கூடும். புரிந்தாலும் தமிழிலேயே பேசக் கேளுங்கள், ஏனென்றால் இது விவரம் சார்ந்த பேச்சு. தலை சுற்றியதா, கண் இருண்டதா, நினைவு முழுதாகத் தப்பியதா, எத்தனை நொடியில் தெளிந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டா என்பதைப் பிரித்துப் பிரித்துச் சொல்லுங்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் தேதி மாறாது.

மெடிக்கலுக்குப் போகும்போது நல்ல அளவு காட்ட வேண்டும் என்று மருந்தை நிறுத்தவே கூடாது. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள், உங்களுக்கோ ஊசி என்றால் மயக்கம். படுத்துக்கொண்டே எடுக்கச் சொல்லுங்கள். தண்ணீர் குடிக்கலாமா என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். லேப் வாசலிலேயே ஒரு மயக்கம் போட்டால் அதுவும் ரிப்போர்ட்டில் ஏறும்.

பதில் வந்ததும் படிக்க வேண்டியது

பதில் பெரும்பாலும் மூன்று வகையில் வரும்: அப்படியே ஏற்பு, லோடிங்கோடு ஏற்பு, மறுப்பு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஒரு வருடம் மயக்கமில்லாமல் இருந்தபின் புதுக் கடிதத்தோடு மறுபடி கேட்கலாம்.

லோடிங்கோடு வந்தால் சதவீதத்தைவிட, காத்திருப்புக்குரிய பழைய நோயின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 'வேசோவேகல் மயக்கம்' என்று குறிப்பிட்டிருந்தால் சரி. 'நரம்பு மண்டல நோய்கள்' அல்லது 'இதய, ரத்தநாள நோய்கள்' என்று அகலமாக இருந்தால் நாளைக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் அதற்குள் அடைக்கப்படும். கடிதத்தைக் காட்டிச் சுருக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்ற மறுத்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருக்கிறது. பரிசோதனைச் செலவு, கவர் இருந்த நாட்களுக்கான தொகை போன்றவை போக மீதிப் பணம் திரும்பும்.

பழைய நோய்க்கான காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது 2024 ஏப்ரலில் வந்த விதி, அதற்கு முன் 48. இந்தக் காத்திருப்பு நோய்க்கு மட்டுமல்ல, அதன் நேரடி விளைவுகளுக்கும் பொருந்தும். மயங்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது விபத்தா, நோயின் விளைவா என்ற தகராறு இங்கேதான் கிளம்பும். வாங்கும் முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தொகையை உயர்த்தினால், உயர்த்திய பங்குக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். அதனால் முதலிலேயே முடிந்த அளவு பெரிய தொகையாக எடுப்பது நல்லது.

எல்லைக்காரர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். நீங்கள் போகிற திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில், அதாவது நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளில், இருக்கிறதா, ஊர் மாறிச் சிகிச்சை பெற்றால் கோ-பே, அதாவது பில்லில் நம் பங்கு, உண்டா. சில பாலிசிகளில் முகவரியைப் பொறுத்துப் பிரீமியம், பெரிய நகரத்தில் சேர்ந்தால் ஒரு பங்கு நம் தலையில். ஊரில் உள்ள சின்ன ஆஸ்பத்திரியும் கணக்கில் வருமா பாருங்கள். 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்களில் குறைந்தது 10 படுக்கை என்பது பாலிசிகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை.

2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 18 சதவீதம் சேர்த்துக் கணக்குச் சொல்கிறவர் பழைய தாளைப் பார்த்துச் சொல்கிறார் என்று அர்த்தம்.

ஆஸ்பத்திரியில் சேரும்போது

இந்தக் கோளாறில் கிளெய்ம் அடிபடுவதற்குப் பழைய நோய் ஒரு காரணம் என்றால், இன்னொரு காரணம் 'வெறும் பரிசோதனைக்காகச் சேர்ந்தார்' என்பது. பாலிசியின் விலக்குகளில் 4-வது குறியீடாக அது எழுதியிருக்கும். டில்ட் டெஸ்டுக்காகவும் இதயத் துடிப்பைப் பதியும் 24 மணி நேர ஹோல்டருக்காகவும் மட்டும் ஒரு இரவு படுத்தால் பணம் வராது. ஆனால் நினைவு தப்பி விழுந்து, பிரஷர் 80-க்கு இறங்கி, சலைன் ஏற்றி, மானிட்டரில் வைத்துச் சிகிச்சை கொடுத்திருந்தால் அது சிகிச்சைச் சேர்க்கை. அதே இரண்டு நாளை டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டார்' என்று ஒற்றை வரியில் எழுதினால் போச்சு. வந்தபோது இருந்த நிலை, அளவுகள், கொடுத்த சிகிச்சை மூன்றும் சம்மரியில் இருக்கிறதா என்று, பில் கட்டும் முன்பே படித்துப் பாருங்கள். இல்லாததை எழுதச் சொல்லக் கூடாது, நடந்ததை விட்டுவிடக் கூடாது என்று கேட்கலாம்.

கேஷ்லெஸ், அதாவது பில்லை நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் வசதி, கேட்கும் விண்ணப்பத்துக்கு நிறுவனம் 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும். நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரி என்றாலும் கேஷ்லெஸ் கேட்கலாம். முன்கூட்டித் திட்டமிட்ட சேர்க்கைக்கு 48 மணி நேரம் முன்னதாக, அவசரம் என்றால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் ஓபி கட்டணமும் சாதாரண பாலிசியில் வராது. இந்தக் கோளாறில் செலவின் பெரும்பகுதி அதுதான் என்பதையும் கணக்கில் வைத்தே பிரீமியத்தை முடிவு செய்யுங்கள்.

மறுத்தால்

தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், அதற்குப் பிறகு மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, 'நீங்கள் சொல்லவில்லை' என்று கிளெய்மை மறுக்க முடியாது. அதற்கு முன்பு மறுத்தால், நீங்கள் அன்று கொடுத்த கடிதமும் படிவ நகலும்தான் ஆயுதம். வெளிநாட்டுப் பயண மெடிக்ளெய்ம் வழக்கு ஒன்றில், சர்க்கரை இருப்பது தெரிந்தும் பரிசோதித்துப் பாலிசி கொடுத்த நிறுவனம் பிறகு அதையே காட்டி மறுக்க முடியாது என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வாதம் வெளிப்படையாகச் சொன்னவருக்குத்தான் கைகொடுக்கும்.

முதல் புகார் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம், காப்பீட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் ஒம்புட்ஸ்மேனிடமும் போகலாம். ஒம்புட்ஸ்மேனுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் வரையிலான தொகைக்குக் கேட்கலாம். நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டு முகவரிக்குச் சென்னை அலுவலகம், கேரளத்துக்குக் கொச்சி, ஆந்திரத்துக்கு ஹைதராபாத். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்தும் போகலாம், புகாருக்குரிய நிறுவனக் கிளை இருக்கும் இடத்தை வைத்தும் போகலாம். திருவனந்தபுரம் கிளையில் பாலிசி எடுத்த மார்த்தாண்டத்துக்காரருக்கு சென்னை, கொச்சி இரண்டுமே திறந்திருக்கிறது. எது வசதியோ அதில் ஒன்றில் மட்டும் போடுங்கள்.